தீ மிச்சம் வைத்த பாத்திரங்கள்

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல வருட வறட்சிக்குப் பின் வந்த கோடை அது. மெல்பர்ன் நகரில் அன்று வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸ். காட்டுப் பகுதிகளில் பலத்த வடகாற்று. அந்த ஒரே நாளில் பல இடங்களில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கிங்லேக், ஸ்ட்ராத்யூவன், மேரிஸ்வில் போன்ற சிற்றூர்கள் அடையாளம் தெரியாமல் போயின. அந்த நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கறுப்புச் சனி’. கெட்டதற்கெல்லாம் கறுப்பு என்று பெயர் சூட்டும் பழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. பதிவேட்டில் உள்ள பெயர் என்பதால் சொல்கிறோம்.

தீ அடங்கிய பிறகு ஊர் திரும்பியவர்கள் கண்ணில் முதலில் பட்டவை புகைபோக்கிகள். அந்தப் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டமும் தகரக் கூரையும் கொண்டவை. மரம் எரிந்தது, தகரம் சுருண்டது, செங்கல்லில் கட்டிய புகைபோக்கி மட்டும் நின்றது. அதன் காலடியில் உட்கார்ந்து சாம்பலைச் சல்லடையில் சலித்தார்கள். சிலருக்குக் கல்யாண மோதிரம் வேண்டும். சிலருக்கு எது கிடைத்தாலும் போதும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்குக் கணக்கு உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் எரிந்த கார்களின் சக்கரங்கள் உருகி, மண்ணில் வெள்ளி ஓடைபோல ஓடி, அப்படியே உறைந்து கிடந்தன. வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும், தங்கத்துக்கு 1064, செம்புக்கு 1085. கண்ணாடி அதற்கெல்லாம் முன்பே இளகி, ஒரு பாட்டில் இன்னொரு பாட்டிலைத் தழுவிக் கொள்ளும். எஃகும் வார்ப்பிரும்பும் வீட்டுத் தீயில் சாதாரணமாக உருகாது, நிறம் மாறும், வளையும். மரம், துணி, புத்தகம், போட்டோ எதுவும் மிஞ்சாது. கடைசியில் முழுசாகக் கிடைப்பது பெரும்பாலும் எது தெரியுமா? கைதவறி விழுந்தால் உடைந்துபோகும் என்று நாம் பயந்து பயந்து எடுத்து வைக்கும் பீங்கான் கோப்பை. அது ஏற்கெனவே ஒருமுறை சூளையில் வெந்து வந்தது. தீ அதற்குப் புதிதில்லை.

மெல்பர்னில் உள்ள விக்டோரியா அருங்காட்சியகம் ஒரு காரியம் செய்தது. லிசா டேல்-ஹாலட் என்ற காப்பாட்சியர் முன்னின்று, இந்தத் தீ பற்றி ஒரு தனித் தொகுப்பையே உருவாக்கினார். உருகியவை, உடைந்தவை, கருகியவை எல்லாம் அதில் சேர்ந்தன. ராஜா வீட்டு வாளையும் தங்கக் காசையும் வைக்கும் இடத்தில் எரிந்த அடுப்படிச் சாமானை வைத்தார்கள் என்பதை மட்டும் நாம் பாராட்டவில்லை. இது யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதி வைத்தார்கள். சாம்பலிலிருந்து எடுத்த உலோகக் கட்டி ஒன்று தனியாகக் கிடந்தால் அது வெறும் காயலான்கடைச் சரக்கு. பெயரோடும் கதையோடும் சேர்ந்தால்தான் அது வரலாறு.

அரசும் சும்மா இருக்கவில்லை. தீ நடந்த சில நாட்களுக்குள் ராயல் கமிஷன் அமைத்தார்கள். 2010 ஜூலையில் இறுதி அறிக்கை வந்தது, அதில் 67 பரிந்துரைகள். 119 பேரைப் பலிகொண்ட கில்மோர் ஈஸ்ட் தீ, அறுந்த மின்கம்பியால் மூண்டது என்று கமிஷன் கண்டறிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2014இல் சுமார் 50 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. அங்கேயும் எதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை, வழக்காடித்தான் வாங்கினார்கள். ஆனால் இழந்தது உண்மை என்று நிரூபிக்க அவர்கள் ஊர் முன்னால் மன்றாட வேண்டியிருக்கவில்லை. ஒரு வீடு எரிந்தால் அங்கே ஒரு வீடு இருந்தது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதே விக்டோரியாவில், வீடு இருந்தது என்பதையே ஒப்புக்கொள்ள மறுக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள்.

மாநிலத்தின் தென்மேற்கில் பட்ஜ் பிம் என்ற பழைய எரிமலை. அதைச் சுற்றி இறுகிக் கிடக்கும் எரிமலைப் பாறைக் காடு குண்டிச்மாரா மக்களின் நிலம். குறைந்தது 6,600 ஆண்டுகளாக அவர்கள் அங்கே கல்லை அடுக்கிக் கால்வாய் வெட்டி, அணை கட்டி, விலாங்கு மீனை வளர்த்துப் பிடித்தார்கள். கல்லை வட்டமாக அடுக்கி வீடும் கட்டினார்கள். வெள்ளையர் வந்தபோது, இந்தக் கண்டத்தின் பூர்வகுடிகள் வீடு வாசல் இல்லாமல் அலைகிறவர்கள், உழுது பயிர் செய்யாதவர்கள், ஆகவே இது யாருக்கும் சொந்தமில்லாத மண் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பொய்யை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் தூக்கி எறிய 1992 வரை ஆனது. குண்டிச்மாரா மக்களின் நில உரிமை 2007இல் ஏற்கப்பட்டது. 2019 ஜூலையில் பட்ஜ் பிம் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அதே ஆண்டு டிசம்பரில் மின்னல் விழுந்து அங்கே தீ பிடித்தது. ஆஸ்திரேலியாவே எரிந்துகொண்டிருந்த கோடை அது. தீ அடங்கி, புல்லும் புதரும் கருகிப் போன தரையில் போய்ப் பார்த்தபோது, அதுவரை கணக்கில் வராத கல் கால்வாய்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று சுமார் 25 மீட்டர் நீளம். ஏற்கெனவே அளந்து வரைபடம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறைந்து கிடந்தது. வெள்ளையர் குடியிருப்புகளில் தீ ஆதாரங்களை அழித்தது. இங்கே ஆதாரத்தை மூடியிருந்த புதரை அழித்தது. அடுப்படிக்கு மீன் கொண்டுவந்த வழி அது. இங்கே மனிதர் குடியிருந்தார்கள் என்று சொல்ல அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தோழர்களே, இவ்வளவு தூரத்துக் கதையை நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம், எரிந்த வீட்டில் எது மிஞ்சும் என்ற கேள்வி நமக்கும் உண்டு என்பதுதான். காட்டுத்தீக்கு உருகுநிலை மட்டும்தான் தெரியும், சாதி தெரியாது. சேரிக்கு வைக்கும் தீ அப்படியில்லை. அது யாரை எரிக்க வேண்டும், எதை எரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே வருகிறது. அதற்கு எழுதி வைத்த பட்டியலே இருந்திருக்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. சட்டை போடக்கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக்கூடாது. குடை, செருப்பு கூடாது. இந்த வரிசையில் ஒன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. தடையை மீறியபோது குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்புக் குடமோ பித்தளைக் குடமோ கூடாது. சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும்.

சும்மாட்டுத் துணி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரு பெண்ணின் உச்சந்தலையில் குடம் உறுத்தாமல் இருந்துவிடக்கூடாது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்த சபை எப்படிப்பட்ட சபையாக இருந்திருக்கும்!

இது ராமநாதபுரத்தோடு முடிகிற கதையும் இல்லை. அகமதாபாத் மாவட்டத்தின் ஜானு கிராமத்தில், 1935இல், வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டதை அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எடுத்துக்காட்டுகிறார். குடத்தில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். குடம் பித்தளையானதுதான் குற்றம்.

மண்பாண்டத்தை நாம் இழிவாகச் சொல்லவில்லை. கோப்பைக்குச் சொன்னது பானைக்கும் பொருந்தும், அதுவும் வெந்து வந்ததுதான். அதனால்தான் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மண்ணைத் தோண்டினால் மரமும் துணியும் கிடைக்காமல் பானை ஓடு கிடைக்கிறது. கீழடி ஓடுகளில் ‘ஆதன்’ என்று பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். பானையில் பெயர் எழுதிய மக்களின் நாட்டில், பிற்பாடு ஒரு பகுதி மக்களுக்கு எழுத்து தடை செய்யப்பட்டது, பானை மட்டும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் குடிசை எரிந்து விட்டம் சரிந்து விழுந்தால் பானை நொறுங்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிடக்கும், அவைகூடச் சில சமயம் சூட்டில் வெடிக்கும். தலைமுறை தாண்டிப் போகக்கூடிய, அவசரத்துக்கு அடகு வைக்கக்கூடிய, தீயில் விழுந்தாலும் எடைக்காவது போடக்கூடிய பொருள் உலோகம்தான். அதைத்தான் வைத்திருக்கக்கூடாது என்றார்கள். எரித்தால் மிச்சம் எதுவும் இருக்காத ஒரு வீட்டை முதலில் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள், பிறகு எரித்தார்கள்.

கீழ்வெண்மணியை நம் மாணவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட, செங்கொடி ஏற்றிய மக்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஒரு குடிசை என்றால் எவ்வளவு இடம் இருக்கும், அதில் 44 பேர் எப்படி நெருக்கி நின்றிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இரவுக்குப் பிறகு சாம்பலில் என்னென்ன கிடந்தன என்று எந்த அருங்காட்சியகமும் வந்து எழுதிக்கொள்ளவில்லை. வழக்கு நடந்தது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிறைய நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருக்கும் ஒருவரும் அவர்களில் இருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த வழக்கில் சாட்சியாக மதிக்கப்பட்ட பொருள் எது என்று கேட்டால், நாம் அந்தக் காரைத்தான் சொல்வோம். எரிந்த குடிசையின் எந்தச் சாமானும் அதன் எதிரே நிற்க முடியவில்லை.

1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். இங்கே வந்தது ஊர்க் கும்பல் இல்லை, நூற்றுக்கணக்கான போலீசார். அந்தக் கிராமத்துத் தேவேந்திரர் குடும்பங்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பியிருந்தார்கள். வீடுகளில் டி.வி., மின்விசிறி, தையல் மிஷின் என்று சாமான் சேர்ந்திருந்தது. போலீசார் அவற்றை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், பாஸ்போர்ட்டுகளையும் கல்விச் சான்றிதழ்களையும் எரித்தார்கள். இப்போது 1931ஆம் வருடத்துப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். நகை கூடாது, உலோகப் பாத்திரம் கூடாது, படிப்பு கூடாது. அறுபத்து நான்கு வருடம் கழித்து, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் கையால் அதே வரிசை நிறைவேறியது. சான்றிதழ் எரிந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், முதல் தலைமுறையில் படித்த பிள்ளையின் வீட்டில் அந்தக் காகிதத்தை எங்கே வைத்திருப்பார்கள் என்று பார்த்ததில்லை. பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில், நகைக்குப் பக்கத்தில்.

2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. இளவரசன், திவ்யா காதல் மணத்தைக் காரணம் காட்டி வந்த கும்பல் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தது. பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்து, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்த வீடுகள். பீரோக்கள் உடைக்கப்பட்டன, நகையும் பணமும் எடுக்கப்பட்டன, அதன் பிறகுதான் தீ. இந்தத் தீயில் தங்கம் எந்த டிகிரியில் உருகும் என்ற கேள்விக்கே இடமில்லை. தீக்கு முன்பே அது வெளியே போய்விட்டது. சாம்பலில் மிஞ்சியது மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடு, பீரோவின் கூடு, எவர்சில்வர் பாத்திரங்கள்.

அந்த எவர்சில்வர் பாத்திரங்களைப் பற்றித்தான் இளம் தோழர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வரும் அண்டா, குடம், தூக்குச்சட்டி, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, சிலவற்றில் தேதியும். பாத்திரக்கடையில் அந்தச் சின்ன மிஷின் கிர்ர் என்று ஓடும் சத்தம் நம் எல்லோருக்கும் தெரியும். எவர்சில்வர் உருக 1,400 டிகிரி போல வேண்டும். வீட்டுத் தீயில் அது நீலமும் பழுப்புமாக நிறம் மாறும், நெளியும், ஆனால் வெட்டிய பெயர் பெரும்பாலும் நிற்கும். ரேஷன் கார்டு போய்விடும், பட்டா போய்விடும், வாக்காளர் அட்டை போய்விடும். தாய்மாமன் பெயர் போட்ட குடம் இருக்கும். விக்டோரியா அருங்காட்சியகம் ஒவ்வொரு பொருளுக்கும் தேடிச் சேர்த்த விவரம், நம் பாத்திரங்களில் முதலிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. நிவாரணப் பொருள் வந்ததும் பழையதை எடைக்குப் போட்டுவிடுகிறோம். பாத்திரக்காரருக்கு அது கிலோ கணக்கு.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, தலித் அல்லது பழங்குடியினரின் குடியிருப்பைத் தீ வைத்து அழிப்பதற்கு ஆயுள் தண்டனை உண்டு. அச்சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 6ஆவது விதி, அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும், சொத்துக்கு ஏற்பட்ட இழப்பு, சேதம் பற்றிய விரிவான அறிக்கையையும் தயாரிக்க வேண்டும் என்கிறது. விரிவான என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மை அறியும் குழுக்களோடு எரிந்த சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், நடைமுறையில் அது ‘வீட்டு உபயோகப் பொருட்கள்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்கும் அதே வரி, அதற்கடுத்த வீட்டுக்கும் அதே வரி. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. அப்படி எழுதப்பட்ட சேரியில் பீரோ இருந்ததும், அதற்குள் ஒரு பெண்ணின் பி.எட். சான்றிதழ் இருந்ததும் எந்தக் காகிதத்திலும் ஏறாது. சில வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது, கூலிக்காரர் வீட்டில் இவ்வளவு சாமான் ஏது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

அடுத்த முறை போகிறவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். போட்டோ எடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எரிந்த பாத்திரங்கள் போட்டோவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எத்தனை படி அண்டா, எந்த வருடம் வந்தது, யார் சீர், எதை விற்று வாங்கியது, எந்த மூலையில் இருந்தது. கரி படிந்த இடத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, பெரும்பாலும் விளிம்பை ஒட்டி, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்கும். அதை உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு, எழுதிக்கொள்ளுங்கள்.